வீட்டுச் சிமுலேட்டரும் பாலக்காட்டுக் கணவாயும்: தனியார் விமானி உரிமத்துக்குப் பயின்ற அனுபவம்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் என்று எங்கள் கேரள-தமிழக எல்லைப் பகுதியில் விமானம் ஓட்டக் கற்க விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் வழக்கமாக இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். கணினியில் ஓட்டும் சிமுலேட்டரைப் பையனுக்கோ பெண்ணுக்கோ வாங்கிக் கொடுத்தால் பயன் உண்டா என்பது ஒன்று. அதில் ஓட்டுகிற நேரம் உரிமத்துக்கான பறக்கும் நேரத்தில் சேருமா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்குப் பதில் எளிது: சேராது. தனியார் விமானி உரிமத்துக்கு இந்திய விதிகள் கேட்கும் 40 மணி நேரத்தை உண்மையான விமானத்தில்தான் பறக்க வேண்டும்; வீட்டு மேசையில் ஓட்டிய நேரத்தைப் பறப்புப் பதிவேட்டில் ஒரு நிமிடம்கூட எழுத முடியாது. முதல் கேள்விக்குத்தான் விரிவான பதில் தேவைப்படுகிறது. பயிற்சிக்குச் சேர்வதற்கு முன்னும், பயிற்சி நடந்த காலம் முழுவதும், உரிமம் பெற்ற பிறகும் நான் சிமுலேட்டரைப் பயன்படுத்தி வருகிறேன். விமானம் ஓட்டுவதில் அறிவு செய்ய வேண்டிய வேலைகள் பலவற்றை அது நன்றாகக் கற்றுத் தருகிறது. கண்ணும் கையும் உடலும் கற்க வேண்டியவற்றை அநேகமாகக் கற்றுத் தருவதில்லை. இந்தப் பிரிவினையைத் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொண்டு பயிற்சி செய்தவர்களுக்கு அது பெரிய துணையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

பறக்கும் பயிற்சிக்கான கட்டணம் ஒரு மணி நேரத்துக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது. இன்ஜின் ஓடத் தொடங்கியதிலிருந்தே அந்தக் கணக்கும் ஓடுகிறது. எந்தச் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று தேடும் நேரம், சோதனைப் பட்டியலில் விட்ட வரியைத் தேடும் நேரம், கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்னதைத் திருப்பிச் சொல்லத் தடுமாறும் நேரம் ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் மாணவர் பணம் கட்டுகிறார். நடுத்தரக் குடும்பத்திலிருந்து வருகிற ஒருவர் இவற்றை வீட்டிலேயே கற்றுக்கொண்டு போனால், விமானத்தில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்தையும் விமானத்தில் மட்டுமே கற்கக்கூடிய விஷயங்களுக்குச் செலவிட முடியும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் இரண்டும் தரமானவை. முன்னதில் நிலக்காட்சி சிறப்பு, பின்னதில் இறக்கையின் ஒவ்வொரு துண்டின் மீதும் காற்று செலுத்தும் விசையைக் கணக்கிடும் முறை சிறப்பு. ஃபிளைட்கியர் முற்றிலும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். பணம் குறைவாக இருந்தால் பெரிய திரைக்கோ விலை உயர்ந்த யோக்குக்கோ (விமானத்தை இயக்கும் கைப்பிடி) போகாமல் முதலில் ரடர் பெடல் (வால் சுக்கானை அசைக்கும் கால்மிதி) வாங்குங்கள் என்பதே என் கருத்து. காலால் ரடரை மிதிக்காமல் ஜாய்ஸ்டிக்கைத் திருகியே ஓட்டிப் பழகியவருக்கு, உண்மையான விமானத்தில் கால்கள் செய்ய வேண்டிய வேலை நினைவுக்கே வருவதில்லை.

வீட்டில் முதலில் கற்க வேண்டியது வரிசைமுறை. நான் பயின்றது செஸ்னா 172எஸ் வகை. அதே வகையைச் சிமுலேட்டரில் தேர்ந்தெடுத்து, பயிற்சிப் பள்ளி தந்த சோதனைப் பட்டியலை அச்சிட்டு மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துக் கையால் தொட்டுச் செய்தேன். புறப்படுமுன் இன்ஜினை நிமிடத்துக்கு 1,800 சுற்றில் வைத்து, இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். எதிலும் 150 சுற்றுக்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் இடையே 50 சுற்றுக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. 55 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் மூக்கைத் தூக்க வேண்டும். 74 நாட் வேகத்தில் ஏறினால் உயரம் மிக வேகமாகக் கூடும். இன்ஜின் நின்றால் 68 நாட் வேகத்தில் சறுக்க வேண்டும். இந்த எண்கள் யோசிக்காமல் வாயில் வர வேண்டும். அவை வகைக்கு வகை மாறும் என்பதால், நீங்கள் பயிலப்போகும் விமானத்தின் கையேட்டில் உள்ளவற்றையே மனப்பாடம் செய்ய வேண்டும். சிமுலேட்டர் தரும் பொதுவான பட்டியலை நம்பக் கூடாது.

அடுத்தது வானொலிப் பேச்சு. தமிழ் வழியில் படித்த எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். ஆங்கிலம் தெரியாததல்ல இங்கே சிக்கல். எந்த வரிசையில் எதைச் சொல்வது, எதைத் திருப்பிச் சொல்வது என்ற பழக்கம் இல்லாததுதான். ஓடுதள எண், உயரம், திசை, டிரான்ஸ்பாண்டர் எண் (ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டுவது), காற்றழுத்த எண் ஆகியவற்றைக் கட்டாயம் திருப்பிச் சொல்ல வேண்டும். தனியாக ஓட்டும்போதும் ஒவ்வொரு கட்டத்திலும் சொல்ல வேண்டியதை உரக்கச் சொல்லிப் பழகுவது நல்லது. வீட்டில் இருப்பவர்கள் சில நாள் வேடிக்கை பார்ப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள். வேட்சிம் என்ற இணைய வலையமைப்பில் தன்னார்வலர்கள் கட்டுப்பாட்டாளர்களாக அமர்ந்து உண்மையான முறையில் பேசுகிறார்கள். ஓரளவு தேர்ந்த பிறகு அதில் சேர்ந்தால், எதிர்பாராத கட்டளை வரும்போது அதைக் கேட்டு, குறித்துக்கொண்டு, திருப்பிச் சொல்லும் பழக்கம் உறுதிப்படும். சிமுலேட்டரின் இயல்பான அமைப்பில் காற்றழுத்தம் பாதரச அங்குலத்தில் வரும். இந்தியாவில் ஹெக்டோபாஸ்கலில் சொல்வார்கள். முதல் நாளே அதை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் உயரமானி ஏறத்தாழ 30 அடி பிழையாகக் காட்டும். மலை சூழ்ந்த இந்தப் பகுதியில் அது சிறிய பிழையல்ல.

சிமுலேட்டர் எனக்குத் தந்த பெரிய லாபம் வழிச்செலுத்தலில்தான். சொந்த ஊரையே மேலிருந்து படிப்பது என்பது நான் எதிர்பார்த்ததைவிடக் கடினமான பாடமாக இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிக்கு வரைபடத்தில் அளவுகோலை வைத்து நேர்கோடு போட்டால், திசை (வடக்கிலிருந்து வலச்சுற்றாக அளந்தால்) ஏறத்தாழ 216 பாகை, தூரம் சுமார் 65 கடல் மைல். மேற்குப் பாதித் திசையில் போகிறவர் இரட்டைப்படை ஆயிரத்தோடு 500 அடி சேர்த்துப் பறக்க வேண்டும் என்ற விதிப்படி 4,500 அடியைத் தேர்ந்தெடுப்பது இயல்பாகத் தோன்றும். ஆனால் அந்தக் கோடு எங்கள் சித்தூர்ப் பக்கத்து வயல்களைத் தாண்டி, கொல்லங்கோட்டுக்கு அருகே சென்று, நேராக நெல்லியாம்பதி மலைகளின் மீது ஏறுகிறது. அங்கே சிகரங்கள் 1,500 மீட்டரைத் தாண்டுகின்றன. அதாவது 5,000 அடிக்கும் மேல். சமவெளியிலிருந்து சுவர் எழுப்பியது போல மலை எழும்பும் இடம் அது. கொல்லங்கோட்டில் நின்று சீதார்குண்டு மலைவிளிம்பைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தாளில் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது, சிமுலேட்டரில் கண்ணாடி முழுவதையும் நிறைக்கும் பச்சை மலையாக எதிரே வந்து நிற்கும்போது, நேர்கோடு என்பது வெறும் தொடக்கம்தான் என்பது எந்தப் பாடப்புத்தகமும் உணர்த்தாத அளவுக்கு உறைக்கிறது.

மாற்றாக, கணவாய் வழியே பாலக்காட்டுக்கு மேல் வந்து, தேசிய நெடுஞ்சாலையைத் தொடர்ந்து திருச்சூர் போய், அங்கிருந்து தெற்கே திரும்பினால் தூரம் சுமார் 83 கடல் மைல் ஆகிறது. 110 நாட் வேகத்தில் கூடுதலாகப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாக, வழியின் பெரும்பகுதியில் கீழே தாழ்ந்த நிலம் கிடைக்கிறது. மேகம் இறங்கினால் தாழப் பறந்து திரும்பவும் இடம் கிடைக்கிறது. இரண்டு வழிகளையும் வீட்டில் மாறி மாறிப் பறந்து பார்த்து, நேரத்தையும் எரிபொருளையும் தாளில் கணக்கிட்டு, பிறகு சிமுலேட்டரில் வந்த விடையோடு ஒப்பிடுவதைப் பயிற்சிக் காலத்தில் வழக்கமாக வைத்திருந்தேன். 270 பாகையிலிருந்து 20 நாட் மேல்காற்று வீசும் நாளில், நேர்வழியில் போக மூக்கை எட்டு ஒன்பது பாகை வலப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும்; தரைவேகம் 110 நாட்டிலிருந்து 97 நாட்டுக்கு இறங்கும்; 35 நிமிடப் பயணம் 40 நிமிடம் ஆகும். ஜிபிஎஸ் திரையை அணைத்துவிட்டு, கடிகாரம், திசைகாட்டி, வரைபடம் ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும் என்று வற்புறுத்துவேன்.

அடையாளக் குறிகளில் ஒரு எச்சரிக்கை உண்டு. மலம்புழா, வாளையாறு, மீன்கரை அணைகள் சிமுலேட்டரின் செயற்கைக்கோள் படத்தில் எப்போதும் ஒரே அளவில் நீர் நிறைந்து தெரியும். ஏப்ரல் மாதத்தில் உண்மையாக மேலே போய்ப் பார்த்தால், நீர் சுருங்கிச் சேற்றுத் திட்டுகளாகி வேறு வடிவத்தில் இருக்கும். ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் பருவத்துக்குப் பருவம் மாறுவதில்லை. எனவே ஏரிகளை இரண்டாவது சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. சிமுலேட்டர் சொல்லித் தராத இன்னொன்று வான்வெளியின் ஒழுங்கு. கோயம்புத்தூருக்குப் பக்கத்திலேயே சூலூர் விமானப்படைத் தளம் இருக்கிறது. கணினியில் அதன் மேலே நினைத்தபடி பறக்கலாம். உண்மையில் அனுமதி இல்லாமல் நெருங்கவே முடியாது. பறப்புத் திட்டம் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண்ணும் பறப்புத் தகவல் மைய எண்ணும் பெற்ற பிறகே இங்கே புறப்பட இயலும். வாளையாறு சோதனைச் சாவடியில் நிற்கிற மாநில எல்லை மட்டும் மேலே கிடையாது. தமிழகமும் கேரளமும் சென்னை பறப்புத் தகவல் மண்டலத்துக்குள்தான் அடங்குகின்றன.

காற்றைப் பற்றி எங்கள் பகுதியில் பேசாமல் இருக்க முடியாது. பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமான இடைவெளி. தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்தும், மார்கழி தை மாதங்களில் கிழக்கிலிருந்தும் காற்று இதன் வழியே நெருக்கிக்கொண்டு பாய்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். சிமுலேட்டரின் நேரடி வானிலை உலக வானிலைக் கணிப்பிலிருந்து வருவதால், அந்தப் பெரும் போக்கைக் காட்டுகிறது; மலை ஓரத்தில் காற்று சுழன்று இறங்குவதையும் நண்பகல் வெயிலில் நிலம் கொதித்து விமானம் குலுங்குவதையும் நான் உணர்ந்த அளவில் முழுமையாகக் காட்டுவதில்லை. ஆகவே அதைக் கணக்குப் பழகப் பயன்படுத்துங்கள். கோயம்புத்தூர் ஓடுதளம் 23 ஏறத்தாழ 230 பாகைத் திசையை நோக்குகிறது. 270 பாகையிலிருந்து 18 நாட் வீசினால் குறுக்குக்காற்று ஏறக்குறைய 12 நாட், எதிர்காற்று 14 நாட். செஸ்னா 172இல் சோதித்துக் காட்டப்பட்ட குறுக்குக்காற்று அளவு 15 நாட். புதிய மாணவருக்கு 12 நாட் என்பதே அதிகம் என்ற முடிவை நாற்காலியில் அமர்ந்தே எடுக்கப் பழகலாம். அதே நிலையத்தின் உயரம் சுமார் 1,300 அடி. 35 பாகை செல்சியஸ் வெயிலில் விமானத்தின் இறக்கையும் இன்ஜினும் 4,000 அடி உயரத்தில் இருப்பது போலத்தான் வேலை செய்யும். சிமுலேட்டரில் வெப்பநிலையை 15 பாகையிலும் 35 பாகையிலும் வைத்து, முழு எடையோடு புறப்பட்டுப் பார்த்தால் ஓட்டத்தின் நீளம் எவ்வளவு மாறுகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

இன்ஜின் நின்றுபோகும் நிலையைப் பாதுகாப்பாகத் திரும்பத் திரும்பப் பழக வீட்டைவிடச் சிறந்த இடம் இல்லை. 68 நாட் வேகத்தைப் பிடித்தல், இடத்தைத் தேர்தல், எரிபொருள், மேக்னெட்டோ சோதித்தல், அபாய அழைப்பு விடுத்தல் என்ற வரிசை விரல்களில் ஊறும்வரை செய்யலாம். ஆயிரம் அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்றரைக் கடல் மைல்தான் சறுக்க முடியும் என்பது நினைவில் இருக்க வேண்டும். ஆனால் இறங்கும் இடத்தைத் தேர்வது பற்றி மண்ணிடம்தான் கேட்க வேண்டும். பாலக்காட்டு வயல் அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும்போது ஒன்று, நடவு முடிந்து நீர் நிற்கும்போது வேறொன்று. சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்பு மேலிருந்து மெத்தென்ற பச்சையாகத் தெரிந்தாலும் இறங்கத் தகாதது. வயல் குறுக்கே போகும் மின்கம்பிகள் எல்லாம் சிமுலேட்டரில் தெரியும் என்று நம்ப முடியாது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதில் இயல்பான அறிவு உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

இனி, வீடு கற்றுத் தராதவை. முதல் இடத்தில் இருப்பது தரையிறக்கம். ஓடுதளத்துக்குச் சில அடி மேலே மூக்கை உயர்த்தி விமானத்தை மிதக்கவிட்டு அமர்த்தும் அந்தக் கணம், ஓரக்கண்ணில் தரை எழும்பி வருவதை வைத்தும், இருக்கையில் உடல் உணர்வதை வைத்தும் கணிக்கப்படுவது. ஒற்றைத் திரைக்கு ஓரக்கண் இல்லை, நாற்காலி அசைவதில்லை. சிமுலேட்டரில் எவ்வளவு மென்மையாக இறக்கினாலும் அதை விமானத்துக்குக் கொண்டுபோக முடியாது. இரண்டாவது, ட்ரிம், அதாவது கையால் பிடித்திராமலே மூக்கை ஒரே நிலையில் நிற்கச் செய்யும் அமைப்பு. உண்மையான விமானத்தில் யோக்கின் அழுத்தத்தைக் கை உணர்ந்து, அந்த அழுத்தம் மறையும்வரை ட்ரிம் சக்கரத்தைச் சுழற்றுகிறோம். சுருள்வில் வைத்த மலிவான யோக் நடுவுக்குத் தானே திரும்புவதால் கைக்கு அந்தச் செய்தி வந்து சேர்வதே இல்லை. மூன்றாவதுதான் மிகவும் கவலைக்குரியது. சிமுலேட்டரில் வளர்ந்த மாணவர்களின் கண்கள் கருவிகளிலேயே ஒட்டிக்கொள்கின்றன. எனக்குக் கற்றுத் தந்த மலையாளிப் பயிற்றுநர் விமானப்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சிமுலேட்டர் பழகியவர் என்று தெரிந்தால் முதல் பாடத்திலேயே கருவிப் பலகையைத் தாளால் மூடிவிடுவார். “அடிவானத்தைப் பாருங்கள். மூக்குக்கும் அடிவானத்துக்கும் இடையே எத்தனை விரல் என்று பாருங்கள். வேகம் சரியாக இருக்கும்” என்று பாலக்காட்டுத் தமிழில் சொல்வார். தாளை எடுத்துப் பார்த்தால் வேகம் சரியாகவே இருக்கும். அன்றிலிருந்து வீட்டிலும் வேகமானியைத் தவிர மற்றவற்றைத் தாளால் மறைத்து சர்க்யூட் (புறப்பட்டு ஓடுதளத்தைச் சுற்றி வந்து இறங்குவது) பறக்கத் தொடங்கினேன். ஓடுதளத்தைத் தேட இடப்பக்கம் பார்க்கும் அசைவை ஜாய்ஸ்டிக்கின் மேல் பொத்தானுக்குக் கொடுத்துக்கொண்டேன். இதை எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்.

சிமுலேட்டரின் வரலாறும் இதையே காட்டுகிறது. அமெரிக்காவில் இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் பிறந்த எட்வின் லிங்க், ஆர்கன் துருத்திகளைக் கொண்டு 1929இல் தன் பயிற்சிப் பெட்டியை உருவாக்கினார். 1934இல் அந்நாட்டு ராணுவம் விமான அஞ்சலைச் சுமக்க முனைந்து, மோசமான வானிலையில் பல விமானிகளை இழந்த பிறகுதான் அதை வாங்கியது. மூடிய பெட்டிக்குள் அமர்ந்து, வெளியே எதுவும் தெரியாமல், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டக் கற்பது அதன் பணி. அடிவானத்தை நோக்கிப் பறக்க வேண்டிய தனியார் விமானி மாணவருக்கு அந்தக் குணம் ஓர் அளவுக்கு எதிர்த்திசையில் இழுக்கும்.

பயிற்சியின் ஒழுங்கையும் சொல்ல வேண்டும். நிறுத்தி வைக்கும் பொத்தான் தொடக்கத்தில் நல்ல ஆசிரியர். ஒரு சூழ்நிலையை நிறுத்தி, யோசித்து, கையேட்டைப் புரட்டலாம். சில வாரங்களுக்குப் பிறகு அதைத் தொடக் கூடாது. தரையிறங்க நெருங்குகையில் மோசமாகப் போன அணுகலைத் தொடக்கத்துக்குத் திருப்பி வைப்பதற்குப் பதிலாக, முழு விசை கொடுத்து மேலேறி, சுற்றி வந்து மீண்டும் முயலும் கோ-அரவுண்டை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். 2020 ஆகஸ்ட் 7 இரவு மழையில், பின்காற்றோடு குன்றின் மேல் அமைந்த கோழிக்கோட்டு மேசைநில ஓடுதளத்தில் வெகுதூரம் தள்ளித் தரை தொட்ட, வளைகுடாவிலிருந்து வந்த விமானம் விளிம்பைத் தாண்டி விழுந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வளைகுடாவுக்குப் போய்வரும் உறவினர் இல்லாத வீடு குறைவு. சிறிய விமானம் கற்கும் மாணவரும், குறித்த புள்ளிக்குள் சக்கரம் தரை தொடவில்லை என்றால் மேலேறுவது என்பதைத் தயக்கமில்லாத பழக்கமாக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தைப் பழகக் கணினி போதும். அதேபோல ஜூலை மாதத்து நேரடி வானிலையை வைத்து, தெரிதூரம் 5 கிலோமீட்டருக்குக் கீழே போகிறதா, மேகத்திலிருந்து ஆயிரம் அடி விலகி நிற்க முடிகிறதா என்று பார்த்து, முடியாவிட்டால் புறப்படாமலே கணினியை அணைப்பதும் ஒரு முழுப் பாடம்தான்.

உரிமம் பெற்ற பிறகு சிமுலேட்டரின் வேலை மாறுகிறது. பணமும் நேரமும் குறைவானவர்கள் மாதக் கணக்கில் பறக்காமல் இருக்க நேர்கிறது. அந்த இடைவெளியில் வரிசைமுறையும் வானொலிப் பேச்சும் துருப்பிடிக்காமல் அது காக்கும், கைப்பழக்கத்தைக் காக்காது. நீண்ட இடைவெளிக்குப் பின் பயிற்றுநரோடு ஏறிச் சில தரையிறக்கங்கள் செய்த பிறகே நான் பயணியை ஏற்றுகிறேன்.

பிள்ளைகளுக்காகக் கேட்கும் பெற்றோருக்கு, செலவின் வரிசையைப் பற்றி ஒன்று. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 16 வயதும் இருந்தால் மாணவர் விமானி உரிமம் கிடைக்கும். தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயது. எதையும் வாங்குவதற்கு முன், விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். தகுதிச் சான்று கைக்கு வந்த பிறகு ரடர் பெடல் வாங்கலாம்; பயிலப்போகும் பள்ளி முடிவான பிறகு, அவர்கள் வைத்திருக்கும் விமான வகையின் கையேட்டைக் கேட்டு வாங்கி, அதே வகையைச் சிமுலேட்டரில் ஏற்றிக்கொள்ளலாம்.